விதைக்குள் இருந்த வெள்ளை நூல்

எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறந்த அருள்மொழி அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று மாலை அவள் மூடி வைத்தபோது வைக்கோல் நிறத்தில் இருந்த விதைகள், இன்று காலை ரோஸ் நிறத்தில் இருந்தன.

"மாமா!"

செம்மண்டலத்தில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டின் கீழ் போர்ஷன் வரை கேட்டது அந்தக் குரல். அவள் கணவன் ராஜவேல் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான். டப்பாவைப் பார்த்ததும் சிரித்தான். பிறந்த நாளுக்குப் புடவை வாங்கி ஒளித்து வைத்திருந்தவனின் சிரிப்பு அது.

"பாத்துட்டியா? நீ கெளம்பறப்ப சொல்லலாம்னு இருந்தன்."

"என்னா பண்ணிவெச்ச இதுல?"

"விதை நேர்த்தி. எல்லா விதைக்குள்ளயும் பூஞ்சை இருக்குன்னு நேத்து போன்ல உங்க மேடத்துகிட்ட சொன்னியே... மனசு கேக்கல அருளு. அஞ்சு வருஷமா நாய் மாதிரி அலையற. கடையில நல்ல பவுடர் வெச்சிருக்கேன், கம்பெனி மருந்து. இனிமே ஒரு பூஞ்சை நெருங்காது."

அருள்மொழி டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"மாமா, அது நோய் இல்ல. அந்தப் பூஞ்சைதான் என் பி.எச்.டி."

ராஜவேல் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. நெல்லிக்குப்பத்தில் பதினோரு வருடமாக உரக்கடை வைத்திருக்கிறான். கரும்புக் கரணை வாங்கியவன் வந்தாலும், மணிலாக் கொட்டை எனும் வேர்க்கடலை வாங்கியவன் வந்தாலும், "மருந்துல போட்டு எடுக்காம நட்டுடாதீங்க" என்று சொல்லாமல் அனுப்ப மாட்டான். பூஞ்சை என்றால் அவனுக்கு வேரழுகல், கருகல், செவ்வழுகல். பூஞ்சையின் துணையோடு முளைக்கும் விதை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. கட்டிக்கொண்டவளும் சொல்லவில்லை. 'உனக்குப் புரியாது மாமா' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

இப்போது சொன்னாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், உப்புப் பூத்த மண்ணில் ஒரு காட்டுப் புல் வளர்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் உப்பறுகு என்பார்கள். நெல்லோ கேழ்வரகோ அங்கே போட்டால் ஊறி அழுகிப் போகும். இந்தப் புல் மட்டும் ஜம்மென்று முளைக்கும். காரணம், அதன் விதைக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. தாய்ப் புல்லிலிருந்து விதைக்குள் வந்து, விதை முளைக்கும்போது அதுவும் விழித்துக்கொண்டு, உப்பைத் தாங்க விதைக்குக் கை கொடுக்கிறது. பதிலுக்குப் புல் அதற்குச் சோறு போடுகிறது. இதுதான் அருள்மொழியின் ஆராய்ச்சி. பூஞ்சை உள்ள விதை, இல்லாத விதை இரண்டையும் உப்புத் தண்ணீரில் முளைக்கவைத்துப் பார்க்கும் கடைசிச் சோதனைதான் பாக்கி. அதற்காக வைத்திருந்த விதைதான் இந்த டப்பாவில் இருந்தது. உமிக்கழிவு பொறுக்கிச் சுத்தம் செய்ய சனிக்கிழமை சிதம்பரத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"வேற விதை இல்லியா?"

"இந்தப் புல்லு தை மாசம் ஒரு தடவைதான் விதை கட்டும். எல்லாத்தையும் அறுத்தாச்சு. அடுத்த தைக்குத்தான் வரும். எனக்கு ஜூன் கடைசி கெடு. ஏற்கெனவே ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு. இனிமே குடுக்க மாட்டாங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல மாமா. பதிவ ரத்து பண்ணிடுவாங்க. அஞ்சு வருஷமும் போச்சு."

ராஜவேல் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தான். பற்பசை நுரை கடைவாயில் காய்ந்தது.

அருள்மொழி போனை எடுத்து ஜான்சி மேடத்தை அழைத்தாள். அவர் அவளுடைய நெறியாளர். இருபது வருடமாகப் புற்களோடு மல்லுக்கட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"போனை அவர்ட்ட குடுங்க."

ராஜவேல் போனை இரண்டு கையாலும் வாங்கினான்.

"தண்ணி பட்டுச்சா?"

"இல்ல மேடம். டப்பாவுல போட்டுக் குலுக்கினேன். அவ்ளோதான்."

"காஞ்ச பவுடர் காஞ்ச உமில ஒட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

ராஜவேல் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"கொஞ்சமா தெளிச்சேன் மேடம். துணிக்கு இஸ்திரி போடறப்ப தெளிப்பாங்களே, அந்த மாதிரி. ரெண்டு விரல்ல."

மேடம் சொன்னார்: "அந்த ஈரம் உமியோட நின்னிருந்தா பொழச்சோம். உமியத் தாண்டி உள்ள போயிருந்தா மருந்தும் கூடப் போயிருக்கும். கழுவாதீங்க. தொடைக்காதீங்க. அப்படியே எடுத்துட்டு உடனே கெளம்பி வாங்க. நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு மேடம்?"

"எத்தனை கை இருந்தாலும் பத்தாது."

சிதம்பரம் பஸ்ஸில் ராஜவேல் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டுக்காரர், "அஸ்தியா தம்பி? கொள்ளிடத்துக்கா?" என்று பரிவோடு கேட்டார். "இன்னும் தெரியலைங்க" என்றான் ராஜவேல். அருள்மொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிடுமோ அழுகை வந்துவிடுமோ என்று அவளுக்கே தெரியவில்லை. அவனோடு பேசக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தாள்.

ஆய்வகத்தில் சபாபதி காத்திருந்தார். அந்த இடத்தின் உதவியாளர். பூட்டு, சாவி, கண்ணாடிக் குடுவை, வம்பு எல்லாம் அவர் பொறுப்பு. அருள்மொழியைத் தங்கச்சி என்பார்.

"வாங்க மச்சான்! தங்கச்சியக் கட்டுனவர இப்பத்தான் பாக்குறன். வர்றப்பவே கலர் பொடியோட வர்றீங்களே, ஹோலி பண்டிகையா?"

"அண்ணே, நீங்க வேற..." என்று அருள்மொழி முறைத்தாள்.

ஜான்சி மேடம் ஒரு விதையை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். உமி ரோஸ் நிறம். கொக்கி ஊசியால் உமியைப் பிளந்தார். உள்ளே பழுப்பு நிற விதை, கடுகில் பாதி. அதில் ரோஸ் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியலங்கறதால இல்லைன்னு ஆயிடாது. ஆனா இனிமே போக விடக் கூடாது. இன்னைக்குள்ள முந்நூறு விதைய உமியிலேருந்து எடுக்கணும். உமியோட வெளிப்புறம் விதை மேல படவே கூடாது."

முந்நூறு! வழக்கமாக அருள்மொழி விதைகளை ரப்பர் தகட்டில் வைத்துத் தேய்த்து உமி நீக்குவாள். இப்போது தேய்த்தால் பவுடர் விதையில் பூசிக்கொள்ளும். தண்ணீரில் கழுவினால் மருந்து கரைந்து உள்ளே போகும். ஒவ்வொன்றாகப் பிளந்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

ராஜவேலிடம் ஓர் இடுக்கியைக் கொடுத்தார்கள். ஐம்பது கிலோ யூரியா மூட்டையை ஒரே தம்மில் தூக்கும் கை அது. முதல் விதை தெறித்து மின்விசிறி பக்கம் போனது. இரண்டாவது நசுங்கியது. மூன்றாவதை அவன் பிடிப்பதற்குள் சபாபதி கணக்குச் சொன்னார்.

"ரெண்டு அவுட்டு மச்சான். தங்கச்சி படிப்ப நீங்க காலையில பாதி முடிச்சீங்க, மீதிய இப்ப முடிச்சிடலாம்னு வந்தீங்களா?"

"ஓய், சும்மா இருய்யா. நானே வெந்துபோயி கெடக்குறன்."

சொல்லிவிட்டு ராஜவேல் எழுந்து சபாபதியின் மேசைக்குப் போய், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் சுருளை எடுத்து வந்தான். கண்ணாடித் தகட்டில் டேப்பை ஒட்டி, அதன்மேல் விதையை அழுத்தினான். உமி டேப்பில் பிடித்துக்கொண்டது. இப்போது மேலிருந்து ஊசியால் கீறினால் போதும். விதை நகரவில்லை. பவுடரும் பறக்கவில்லை.

அருள்மொழி எட்டிப் பார்த்தாள். பேசக் கூடாது என்ற முடிவை மறந்து, "இத எங்க கத்துக்கிட்ட?" என்றாள்.

"கடையில எலிக்கு ஒட்டுற அட்டை விக்கிறேன் இல்ல? எலி வாலு மட்டும் ஒட்டிக்கிட்டு ஒடம்பு திரும்பும். அத நெனச்சன்."

"உவ்வே."

"வேலை ஆவுதா இல்லியா?"

ஆனது. மதியச் சாப்பாடு இறங்கவில்லை யாருக்கும். சபாபதி டீ வாங்கி வந்தார். மாலை ஐந்தே முக்காலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு விதைகள் சுத்தமான காகிதக் கவரில் இருந்தன.

அவற்றில் ஐம்பது விதைகளை அருள்மொழி கண்ணாடித் தட்டுகளில் வைத்தாள். தட்டுகளில் உருளைக்கிழங்குச் சாறு சேர்த்த ஜெல்லி. உள்ளே இருக்கும் பூஞ்சை உயிரோடு இருந்தால், விதையிலிருந்து வெள்ளை நூல் போலக் கிளம்பி ஜெல்லியில் பரவும். ஆனால் அது சோம்பேறிப் பூஞ்சை. ஆறு நாள், ஏழு நாள் ஆகும். வழக்கமாக, மேலே ஒட்டியிருக்கும் வேற்றுப் பூஞ்சைகள் சாக, விதையை பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் வைப்பாள். தண்ணீரே படக் கூடாது என்ற பயத்தில் இந்த முறை அதைச் செய்யவில்லை.

"மிச்ச ரோஸ் விதைய என்னா பண்றது? குப்பையில போட்டுடவா?" என்று ராஜவேல் கேட்டான்.

"தொடாதீங்க" என்றார் ஜான்சி மேடம். "நீங்க எதையும் தொடாதீங்க. அங்கேயே இருக்கட்டும்."

அந்த வாரம் அருள்மொழி சிதம்பரத்தில் தோழியின் அறையிலேயே தங்கிக்கொண்டாள். ராஜவேல் கடையிலிருந்து மணிக்கொரு தடவை போன் செய்தான்.

"வந்துச்சா?"

"வரல."

"இப்ப?"

"மாமா, கொழம்பு கொதிக்குதான்னு கேக்குற மாதிரி கேக்காத."

அவள் கோபம் குறைந்திருந்தது. பயம்தான் ஏறிக்கொண்டே போனது. அப்பாவிடம் என்ன சொல்வது? அவள் எப்போது டாக்டர் ஆவாள் என்று ஐந்து வருடமாகக் கேட்கும் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? 'புருஷன் மருந்தடிச்சுட்டான்' என்றா? ஆயுசுக்கும் அவனைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்.

நான்காம் நாள் காலை தட்டுகளைப் பார்த்தாள். இருபதுக்கு மேற்பட்ட விதைகளைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று பூஞ்சை. பழைய ரொட்டியில் பூக்குமே, அதே ஜாதி. காற்றில் மிதந்து வந்து ஒட்டிக்கொண்டது. பிளீச்சிங்கில் முக்காததன் பலன். இது பரவினால், மெதுவாக வரும் வெள்ளை நூல் உயிரோடு இருந்தாலும் வெளியே தெரியாது.

அன்றைக்கு ராஜவேல் போன் செய்யவில்லை. நேரிலேயே வந்துவிட்டான், கையில் சாத்துக்குடியோடு. ஆஸ்பத்திரிக்குப் போவதுபோல.

"பச்சையா வந்திருக்கு மாமா. முடிஞ்சுது."

"எங்க, காட்டு."

தட்டின் மூடியைத் திறக்காமலே அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். இன்னொரு தட்டையும் எடுத்துப் பார்த்தான். பிறகு கடையில் விவசாயிகள் கொண்டுவரும் வாடிய செடியைப் பார்த்துப் பேசுவானே, அந்தக் குரலில் கேட்டான்.

"இது ரொட்டியில வர்ற பூஞ்சைதான?"

"ஆமா."

"வெதை மேலயே ஏறி ஒக்காந்திருக்கு."

"அதான் சொல்றன்!"

"ஏய் லூசு, என் பவுடர் பட்டிருந்தா இது எப்படி ஏறும்? மணிலாவுல இதே பச்சைதான் வரும். அதுக்குத்தான் அந்த மருந்தே விக்கிறோம். ஒரு சிட்டிகை இருந்தாக் கூட இது பக்கத்துல தலைவெச்சுப் படுக்காது. இங்க என்னடான்னா ஜாஸ்தியா சாப்பாடு போட்ட மாதிரி கொழுத்துக் கெடக்குது. வெதையில மருந்து இல்ல அருளு. உள்ள போகல!"

அருள்மொழி தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஜான்சி மேடத்தின் அறைக்கு ஓடினாள். பின்னாலேயே ராஜவேல், சாத்துக்குடிப் பையோடு.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு ராஜவேலைப் பார்த்தார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா யோசிச்சாப் பத்தாது, காட்டணும்."

ஒரு புதிய தட்டில் ஒரு பாதியில் உமியோடு ஒரு ரோஸ் விதை, மறு பாதியில் உமி நீக்கிய விதை. தட்டு முழுவதும் பச்சைப் பூஞ்சையை ஊசியால் புள்ளி புள்ளியாகத் தொட்டு வைத்தார்கள். கெட்டுப்போன தட்டுகளிலிருந்து சுத்தமாக இருந்த விதைகளை மட்டும் பிரித்து வேறு தட்டுக்கு மாற்றினார்கள். பத்தொன்பது தேறின.

இரண்டு நாளில் பதில் கிடைத்தது. ரோஸ் விதையைச் சுற்றி ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெற்று வட்டம். அதற்குள் ஒரு புள்ளிகூட வளரவில்லை. உமி நீக்கிய விதையைப் பச்சை முழுதாக மூடியிருந்தது.

"கெட்டதுலயும் ஒரு நல்லது" என்று சபாபதி தொடங்கினார். ஜான்சி மேடம் முறைத்ததும் டீ வாங்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் ஞாயிறு. காலை எட்டு மணிக்கே அருள்மொழி ஆய்வகத்தைத் திறந்தாள். முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், ஒரு விதையின் ஓரத்தில், தலைமுடியை விட மெல்லியதாக ஏதோ ஒன்று. தூசியாக இருக்கும் என்று நினைத்தாள். உருப்பெருக்கியில் வைத்தாள். தூசி கிளைவிட்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, ஜெல்லிக்குள் இறங்கி, நான்கு திசைக்கும் பிரிந்து போயிருந்தது.

மூன்றாவது தட்டில் ஆறு. நான்காவதில் ஐந்து, ஐந்தாவதிலும் ஐந்து. எல்லாமாகப் பதினேழு. பத்தொன்பதில் பதினேழு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடம்பிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. பசித்தது. ஆறு நாளாக இல்லாத பசி. போனை எடுத்தாள்.

"மாமா."

"சொல்லு."

"உன் சாத்துக்குடி மீதி இருக்கு. வந்து உரிச்சுக் குடு."

விஷயம் புரிந்து நெல்லிக்குப்பம் கடையில் அவன் கை தட்டும் சத்தம் கேட்டது. வாடிக்கையாளர் யாரோ, "என்னா முதலாளி, கொழந்தையா?" என்று கேட்பதும் கேட்டது.

திங்கட்கிழமை சோதனை தொடங்கியது. பூஞ்சை உள்ள விதைகள் இருநூறு. அதில் பாதி நல்ல தண்ணீரில், பாதி உப்புத் தண்ணீரில். பூஞ்சை இல்லாத விதைகளுக்கு எங்கே போவது? முன்பெல்லாம் வெந்நீரில் முக்கிப் பூஞ்சையைக் கொல்வார்கள். அவளுடைய கட்டுரை ஒன்றை, 'சூட்டில் விதையே பாதிக்கப்பட்டிருக்கலாமே' என்று கேட்டு ஓர் இதழ் திருப்பி அனுப்பியிருந்தது. ஜான்சி மேடம் எவர்சில்வர் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"இதுல எரநூற மட்டும் இப்ப தண்ணியில நல்லா ஊற வைங்க. மருந்து உள்ள போகட்டும். சூடே வேணாம். பூஞ்சை மட்டும் போகும்."

"அப்ப நான் பண்ணது..." என்று ராஜவேல் இழுத்தான்.

"தப்புதான்" என்றார் மேடம். "எல்லாத்தையும் பண்ணீங்க பாருங்க, அதுதான் தப்பு. பாதியப் பண்ணியிருந்தா உங்களுக்குச் சம்பளமே குடுத்திருப்போம்."

ஒன்பதாம் நாள் எண்ணினார்கள். அருள்மொழி எண்ண, சபாபதி எழுத, ராஜவேல் கதவருகே நின்றான். எதையும் தொடக் கூடாது என்ற உத்தரவு இன்னும் அமலில் இருந்தது.

நல்ல தண்ணீரில் இரண்டும் ஒரே மாதிரி. பூஞ்சை உள்ளது எண்பத்து மூன்று, மருந்தில் ஊறியது எண்பத்தொன்று. ஆக, மருந்து விதையைக் கெடுக்கவில்லை.

உப்புத் தண்ணீர்த் தட்டுகளுக்கு வந்தாள். மருந்தில் ஊறிய நூறு விதைகளில் பதினான்கு முளைத்திருந்தன. மற்றவை வீங்கி, பழுத்து, அப்படியே கிடந்தன.

கடைசித் தட்டுகள். பூஞ்சை உள்ள விதைகள், உப்புத் தண்ணீர். எண்ணிக்கொண்டே வந்தவள் அறுபதைத் தாண்டியதும் ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எழுபதைத் தாண்டி நின்றாள்.

"எழுபத்து ரெண்டு."

"இன்னொரு தடவ எண்ணுங்க" என்றார் ஜான்சி மேடம்.

"எழுபத்து ரெண்டு மேடம்."

மேடம் தானே குனிந்து ஒருமுறை எண்ணினார். நிமிர்ந்தார். "சரிதான். இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவ செய்யணும். உமி நீக்காத விதை போதுமானது இருக்கு, டேப் இருக்கு, உங்க வீட்டுக்காரரும் இருக்காரு. ஏப்ரல்ல முடிச்சிடலாம். மே மாசம் ஆய்வேட்ட எழுதுங்க, ஜூன் பத்தாம் தேதி குடுத்துடுங்க. இருபது நாள் மிச்சம் இருக்கு உங்களுக்கு."

இருபது நாள் மிச்சம்! ஐந்து வருடத்தில் அவளிடம் எதுவும் மிச்சம் இருந்ததில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றாள் அருள்மொழி. "செய்முறைன்னு ஒரு அத்தியாயம் எழுதணுமே. பூஞ்சை இல்லாத விதை எப்படிக் கெடச்சுதுன்னு..."

"நடந்தத நடந்தபடி எழுதணும். எந்த மருந்து, எவ்வளவு, யாரு கலந்தாங்க, எல்லாம்."

கதவருகே நின்ற ராஜவேல் பதறிப் போனான்.

"என் பேரு வேணாம் மேடம்! மருந்து பேரு போடுங்க, கடை பேரு கூடப் போட்டுக்குங்க, வியாபாரத்துக்கு ஆவும். யாரு கலந்ததுன்னு மட்டும் போட்டுடாதீங்க."

"ஏன் மச்சான்? புஸ்தகத்துல பேரு வந்தா கசக்குதா?" என்றார் சபாபதி.

"எங்க அம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சுடும் ஓய். அதுக்குத் தன் அண்ணன் மக இவமேல உசுரு. 'அருளு வெதையில கைய வெச்சியாடா'ன்னு வெளக்குமாற எடுத்துக்கும்."

"ஆய்வேடு இங்கிலீஷ்ல எழுதறது மாமா" என்றாள் அருள்மொழி.

ராஜவேல் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டான். "அப்ப தாராளமா போடு. இனிஷியலோட போடு."

சபாபதி முதல் ஆளாகச் சிரித்தார். மேடமும் சிரித்தார். அருள்மொழி சிரித்துக்கொண்டே குனிந்து உப்புத் தண்ணீர்த் தட்டை மறுபடி பார்த்தாள். எண்ணி முடித்த பிறகும், ஓரத்தில் இருந்த ஒரு விதை அப்போதுதான் மெல்ல வாய் பிளந்துகொண்டிருந்தது.